பெஞ்சுக்கு அடியில் கேட்ட கொலுசு

மகளிர் தின மலருக்குத் தாட்சாயிணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி எங்கள் கம்பெனியில் என்னைத்தான் கேட்டார்கள். கேட்டவள் லாவண்யா. தென்காசிப் பக்கத்துப் பெண், கோலப்போட்டி, பிறந்தநாள் கேக், மலர் எல்லாவற்றையும் ஆபீசில் உட்கார்ந்து கவனித்துக்கொள்கிறவள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பெஞ்சில் வேலை பார்க்கிறீர்கள், உங்களைவிட அவரைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்றாள். ஓரகத்தியைப் பற்றி ஓரகத்தியிடம் எழுதச் சொல்லக்கூடாது என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எழுதிக் கொடுத்தேன். அமைதியானவள், கைசுத்தமானவள், உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற உடற்பயிற்சியைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் என்று எழுதினேன். போட்டோவோடு அச்சாகிவிட்டது. ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன். எனக்கு அவள்மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, அவள் எங்கள் வீட்டுக்குள் வலதுகால் எடுத்து வைத்த நாளிலிருந்து.

நசரத்பேட்டையில் எங்கள் மாமனார் திருவேங்கடத்துக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவர் ஞானசேகரன் என் வீட்டுக்காரர். நான் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தவள். மூன்று வருஷம் நான் ஒருத்தி மட்டும்தான் மருமகள். சரசா, சரசா என்று வீடு முழுக்க என் பேர்தான். பிறகு சின்னவர் பாஸ்கரனுக்கு வேப்பம்பட்டிலிருந்து தாட்சாயிணியைக் கட்டிவந்தார்கள். பத்தாவது படித்தவள். குரல் உயராது. காலை ரயில் சத்தத்தில் எழுந்து பழகியவளாம், எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்துவிடுவாள். அதைப் பார்த்து மாமியார் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காக நான் நாலு நாள் விடியுமுன் எழுந்து பார்த்தேன், முடியவில்லை.

அப்போது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு நெல் விளைந்துகொண்டிருந்தது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. 'லாபம்' என்று ஆரம்பித்து, அப்புறம்தான் ரெண்டு, மூணு. மாமனார் அளப்பார், பக்கத்தில் நின்று ஒருவர் கணக்குக்குப் பிடி நெல்லைத் தனியாக வைக்க வேண்டும். மூன்று வருஷம் அந்த வேலை என்னுடையது. தாட்சாயிணி வந்த முதல் அறுவடையில் மாமனார், "சின்னவளே, நீ வந்து நில்லு" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் வீட்டில் ஓரவஞ்சனை இல்லை. மாமியார் எங்கள் இருவருக்கும் பூந்தமல்லியில் ஒரே பத்தரிடம், ஒரே எடையில், ஒரே வேலைப்பாட்டில் கொலுசு செய்து போட்டார். திருகாணி வைத்த கனமான வெள்ளிக் கொலுசு. நான் நடந்தால் தெருமுனை வரை கேட்கும். அவள் நடந்தாலும் கேட்கும், அதை என்ன செய்வது.

நெல் போயிற்று, மாமனார் மாமியார் போனார்கள், நிலத்தில் அடுக்குமாடி வந்தது. மாடி அவளுக்கு, கீழ்வீடு எனக்கு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தோம். நான்தான் முதலில் சேர்ந்தேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எஞ்சினுக்குள் போகும் சின்னச் சின்னக் கறுப்பு வளையங்கள். விளக்கு வைத்த லென்ஸ் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கி, நல்லதை நூறு நூறாக எண்ணிப் பையில் போட வேண்டும். காலை எட்டரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் டீக்கும் சாப்பாட்டுக்கும்தான் எழுந்திருப்பது.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னலிலிருந்து மூன்றாவது. வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது, இருக்கிற மூன்றில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். இந்த ஸ்டூலில் நான் லீவு போட்டால்கூட வேறு யாரும் உட்கார மாட்டார்கள். 'சரசாம்மா இடம்' என்பார்கள். பதினோரு வருஷமாக அது என் இடம்.

நாற்பத்தைந்து தாண்டியதும் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக இருக்கும், சாயங்காலம் பஸ் ஏறும்போது கணுக்கால் எங்கே என்று தேட வேண்டும். ஒருநாள் கொலுசின் திருகாணி எட்டவில்லை. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, இந்த வயதில் கொலுசு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். தாட்சாயிணியிடமும் சொன்னேன். அவள் சரிக்கா என்றாள். ஆனால் தன்னுடையதைக் கழற்றவில்லை. அவள் கணுக்கால் கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இருந்தது, பாவி.

அந்தச் சமயம் நசரத்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். தாட்சாயிணி தன் பேரோடு என் பேரையும் பதிந்துவிட்டு வந்து சொன்னாள். என் காலைப் பற்றி ஊருக்கு அறிவிக்க நீ யார் என்று கேட்டேன். போகவில்லை. அவள் மட்டும் போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

அவள் ஸ்டூல் எனக்கு இடப்பக்கம். லென்ஸில் கண்ணை வைத்திருப்பேன், பெஞ்சுக்கு அடியிலிருந்து ஜல். கொஞ்சம் விட்டு ஜல். பத்துப் பன்னிரண்டு தடவை கேட்கும், நிற்கும், அரைமணி கழித்து மறுபடியும் ஆரம்பிக்கும். நான் கழற்றி வைத்த கொலுசை இவள் எனக்குக் காதோடு சொல்லிக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கொலுசு போட முடியாதவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறவள் வேறு எதற்காக ஆட்டுவாள்? எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஜல் என்றால் நான் குதிகாலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு தட்டுவேன். இந்தா, இந்தா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவளுடைய ஒவ்வொரு ஜல்லுக்கும் ஒரு தட்டு. இரண்டு மாதம் இப்படி நடந்தது.

கோபத்தில் எண்ணிக்கை எங்கே நிற்கும்? வளையத்தை எண்ணுவதை விட்டு அவள் கொலுசை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பையில் தொண்ணூற்றேழு, ஒரு பையில் நூற்றிரண்டு என்று என் பைகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஷோபனா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு பை திரும்பினால் பேக்கிங் பக்கம் மாற்ற வேண்டியிருக்கும் என்றாள். பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். என் காலை வைத்துக்கொண்டு அங்கே ஒரு வாரம் தாங்காது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஸ்டூல் போய்விடும் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பழியைத் தூக்கி அவள்மேல் போட்டேன். தாட்சாயிணியின் கொலுசுச் சத்தத்தில் எண்ண முடியவில்லை, வேலை நேரத்தில் இது என்ன நாட்டியமா என்றேன்.

மறுநாள் வாசல் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். கொலுசு, கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது. கீழே மேனேஜர் கையெழுத்து. தாட்சாயிணி அதைப் படித்தாள், குனிந்து இரண்டையும் கழற்றினாள், சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு என் பைகள் எல்லாம் நூறு நூறாகச் சரியாக இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கூடுதலாகப் பசித்தது.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். என் மூக்கு அறுந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

சத்தம் நின்றதே தவிர அவள் கால் நிற்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு வளையத்தைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் குனிந்து பார்த்தேன். இரண்டு குதிகாலும் மேலே போய்க் கீழே வந்தன. பிறகு குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் மேலே போனது. அப்புறம் ஒவ்வொரு பாதமும் காற்றில் மெதுவாக வட்டம் போட்டது. முழங்காலை நீட்டிக் கொஞ்சம் நிறுத்தி மடக்கினாள். மேலே நிமிர்ந்து பார்த்தால் லென்ஸில் கண், கையில் வளையம், ஒன்றும் நடக்காதது போல் இருக்கிறாள். உதடு மட்டும் அசைந்தது. லாபம், ரெண்டு, மூணு.

சரி, இவளுக்கு ஏதோ கால்வலி என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அது ஒரு மாதம்தான். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இது என்ன என்று கேட்டாள், இவள் சொல்லிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். உட்கார்ந்தபடியே குதிகால், முன்பாதம், வட்டம், முழங்கால். கூடவே தோளைப் பின்னால் சுற்றுவது, விரல்களை மூடித் திறப்பது, லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துப் பத்து எண்ணும் வரை கோடி சுவரின் ஃபேனைப் பார்ப்பது. வலித்தால் விட்டுவிடு, அவசரமே இல்லை என்பாளாம். பெஞ்சில் பத்துப் பேரும் சேர்ந்து முணுமுணுப்பார்கள், லாபம், ரெண்டு, மூணு. லாவண்யா வந்து ஏன் லாபம் என்று கேட்டதற்கு, எங்க மாமனார் நெல் அளக்கும்போது அப்படித்தான் எண்ணுவார் என்று தாட்சாயிணி சொன்னாள்.

எங்க மாமனார்! அவர் எனக்கும் மாமனார். இவள் வருவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே மாமனார். அந்த லாபத்துக்குப் பிடி நெல் வைத்தவள் நான். பெஞ்சில் என்னைத் தவிர எல்லோருக்கும் கால் ஆடியது. எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்வதற்காவது என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? பிடிவாதமாகக் காலைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிற்று, கால் வீங்கிக்கொண்டே போயிற்று. ஐப்பசியில் ஒருநாள் உள்ளே போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பில் பாதம் நுழையவில்லை. ஷோபனா முதலுதவி அறைக்கு அனுப்பினாள். நர்ஸம்மா ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார். டாக்டர் பார்த்து, வேறு கோளாறு இல்லை, மணிக்கணக்காக அசையாமல் உட்காருவதால் வருகிற வீக்கம் என்றார். காலை அசைக்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் இந்த வேலை இவருக்கு ஆகாது என்று எழுதிவிடுவதாகவும் சொன்னார். பேக்கிங்கும் இல்லை, பெஞ்சும் இல்லை, நேராக வீடு.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் பூந்தமல்லி ரோட்டில் காட்டுப்பாக்கம் தாண்டி அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் தாட்சாயிணி. எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். அவள் மட்டும் சீட்டுக்கு அடியில் பாதத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லித் தந்தவள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டே விட்டேன்.

அவள் பாதத்தை நிறுத்தவில்லை. "நான் சொல்லி நீ இன்னா செஞ்சிருக்கேக்கா இதுவரைக்கும்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கேம்புக்கு இட்டுகினு போவலாம்னு பேரு குடுத்தேன், நீ கத்துன. அங்க டாக்டரம்மா சொன்னதெல்லாம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேட்டுகினு வந்தேன். எனக்கு இன்னா வீக்கமா கீது? வாயால சொன்னா நீ செய்ய மாட்டே. அதான் உன் பக்கத்துல குந்திகினு கொலுசோட காலாட்டுனேன். நீயும் தட்டுன இல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தட்டினேன்தான். அந்த இரண்டு மாதமும் அவள் ஜல்லுக்கு ஒரு தட்டு. அப்போது செருப்பு வார் ஒரு பிடி தளர்ந்தது ஞாபகம் வந்தது. கொள்ளு ரசத்தால் என்று நினைத்து, அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சிபாரிசு செய்திருந்தேன். வாசலில் காகிதம் ஒட்டிய பிறகுதான் வார் மறுபடி இறுகியது. அவள் வாயைத் திறக்காமல் எனக்குப் போட்டுக் கொடுத்த மருந்தை நானே ஷோபனாவிடம் போய்ப் பிடுங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். இதைக்கூட அவள் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாளே என்றுதான் அந்த நிமிஷத்தில் முதலில் தோன்றியது. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

மறுநாளிலிருந்து செய்தேன். அவளைப் பார்க்காமல், அவளும் என்னைப் பார்க்காமல். முதல் வாரம் குதிகால் ஐந்து தடவைக்கு மேல் எழும்பவில்லை. அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டது தெரிந்தது. டீ நேரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காராமல் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். வீட்டில் டிவி பார்க்கும்போது பாதத்தைச் சுற்றினேன். ஆனால் எண்ணும்போது மட்டும் ஒண்ணு, ரெண்டு என்றுதான் எண்ணினேன். எல்லோரும் லாபம் என்னும்போது நான் ஒண்ணு என்பேன். அதையும் விட்டுவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

இரண்டு மாதம் கழித்து டாக்டர் விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது, முன்னைப்போல் ஆழமில்லை. உட்காரலாம், விடாமல் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதற்குள் லாவண்யா பெஞ்சுக்கு அடியில் ஆடும் இருபது கால்களைப் போனில் படம் பிடித்து ஆபீஸ் முழுக்கக் காட்டியிருந்தாள். மகளிர் தினத்தில் தாட்சாயிணிக்குச் சால்வை என்று முடிவாயிற்று. எனக்கு அரைப் பக்கம்.

மகளிர் தினத்தன்று விடியலில் பீரோவைத் திறந்து கொலுசை எடுத்தேன். கறுத்துப் போயிருந்தது. பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து மாட்டினேன். வலது காலில் திருகாணி எட்டியது. இடது காலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன், கடைசிப் புரியில் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஜல் ஜல் என்று தெருவில் நடந்து பஸ் ஏறினேன். தாட்சாயிணியும் அன்றைக்குக் கொலுசு போட்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று அதற்கும் எரிந்தது.

கம்பெனி வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சுவரில் காகிதம் ஓரம் பழுத்து அப்படியே இருந்தது. கொலுசு போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. நுணலும் தன் வாயால் கெடும். எந்தக் காலில் கொலுசு ஏறாதா என்று மூன்று வருஷம் ஏங்கினேனோ அந்தக் காலிலிருந்து, நானே கொண்டுவந்த சட்டத்துக்கு, நானே கழற்ற வேண்டும்.

வாசல் பக்கத்துச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து குனிந்தேன். இடது திருகாணி அசையவே இல்லை. தாட்சாயிணி தன்னுடையதைக் கழற்றிவிட்டு என் முன்னால் குந்தி என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தால் மெதுவாகத் திருகினாள்.

"இந்தக் காயிதம் யாரால ஒட்டுனாங்கன்னு உனுக்குத் தெரியுமா, தாட்சா?" என்று கேட்டேன்.

"தெரியும். அன்னிக்கே ஷோபனா சொல்லிச்சு" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரிஞ்சிகினுமா என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா நீ கோச்சிகினு வேற பெஞ்சுக்குப் போயிருப்பே. அப்பறம் நான் யாரு பக்கத்துல குந்திகினு காலாட்டறது?"

திருகாணி கழன்றது. நாலு கொலுசையும் சேர்த்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். இருபது வருஷத்துக்கும் மேலாக இவள் என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் இடம் மாறிவிடக்கூடாதே என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் நல்லவள் என்பதை ஒப்புக்கொள்வதுபோல் எரிச்சலான காரியம் எனக்கு வேறு கிடையாது. அரைப் பக்கத்தில் எளிதாக எழுதிவிட்டேன், எதிரில் நின்று சொல்ல வரவில்லை.

உள்ளே போனோம். ஜன்னலிலிருந்து மூன்றாவது ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன், இடப்பக்கம் அவள். மதியம் சால்வை போடுகிறவரை வழக்கமான வேலைதான். விளக்கைப் போட்டு முதல் வளையத்தை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். பெஞ்சுக்கு அடியில் அவள் பாதம் தயாராவது தெரிந்தது. அவள் உதடு பிரியுமுன்னே நான் குதிகாலைத் தூக்கி, பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி "லாபம்" என்றேன். அவளை முந்திக்கொள்ள எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"ரெண்டு" என்றாள் தாட்சாயிணி.